படத்தைத் தீர்மானிப்பவர் யார்? பெண் புகைப்படக் கலைஞர்களும் தன்வெளிப்பாடும்

கோலாலம்பூரில் திருமணப் படப்பிடிப்புகளுக்கு உதவியாளராகப் போய்வரும் ஒரு தங்கை என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். ஒரு பெண் தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்வதைக் கலை என்று சொல்லலாமா, அல்லது வீட்டார் சொல்வதுபோல் அது வெறும் தற்பெருமைதானா? கேமராவைப் பிடித்திருப்பவர் பெண் என்பதாலேயே படம் வேறாகிவிடுமா? மலேசியத் தமிழ்ப் பெண்ணாகிய நான் யாருடைய படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வது? பினாங்கில் புகைப்படம் கற்பித்து வருகிறவள் என்ற முறையில் இம்மூன்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். ஒரு படத்தில் எதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைக் கேட்கத் தொடங்கினால் மூன்றுக்கும் வழி திறந்துவிடும்.

பொத்தானை அழுத்துவது படம் எடுக்கும் வேலையின் மிகச் சிறிய பகுதி. எந்த இடம், எந்த உடை, எந்த வெளிச்சம், நிற்பவர் எங்கே பார்க்க வேண்டும், எடுத்த இருநூறு படங்களில் எது வெளியே வரலாம், அதன் கீழே என்ன பெயர் எழுதப்படும், பிறகு அதை யார் வைத்திருப்பார்கள் என்று ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். இந்த முடிவுகள் யாருடைய கையில் இருக்கின்றனவோ அவருடைய மனமே படத்தில் பேசுகிறது. ஆகவே ஒரு பெண்ணின் முகம் படத்தில் இருப்பதால் மட்டும் அது அவளுடைய வெளிப்பாடு ஆகிவிடாது. முகமே இல்லாத ஒரு காலி நாற்காலியின் படம் அவளுடைய முழு வெளிப்பாடாக இருக்கவும் கூடும்.

நம் பெண்களின் படங்கள் இந்நாட்டில் எப்படி எடுக்கப்பட்டன என்பதை நினைத்துப் பார்த்தால் இது ஏன் முக்கியம் என்று புரியும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிங்கப்பூரின் லாம்பர்ட் நிறுவனம் போன்ற ஐரோப்பியப் படநிலையங்கள் மலாயாவின் பல்வேறு இனத்தாரையும் நிற்கவைத்துப் படமெடுத்து, பயணிகளுக்கு நினைவுப் பொருளாக விற்றன. நகையும் மூக்குத்தியும் அணிந்து அவற்றில் நிற்கும் தமிழ்ப் பெண்ணின் கீழே அவளுடைய இனம் எழுதப்பட்டிருக்கும், பெயர் இருக்காது. பிறகு 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபோது, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய எத்தனையோ பாட்டிகளுக்கு அந்த அட்டைக்காக எடுத்த படமே வாழ்நாளின் முதற்படமாக இருந்திருக்க வேண்டும். அவர்கள் இறந்த பின் அதே படம் பெரிதாக்கப்பட்டு, மாலை போடப்பட்டு, நடுவீட்டில் மாட்டப்பட்டதையும் நாளிதழின் நினைவஞ்சலிப் பக்கத்தில் அச்சானதையும் நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அரசாங்கம் அடையாளம் காண்பதற்காக எடுத்த ஒரு படம், குடும்பம் நினைவுகூர்வதற்கான ஒரே படமாக ஆகிவிட்டது. அதற்கடுத்த தலைமுறைக்குச் சடங்கு ஆல்பமும் திருமண ஆல்பமும் வந்தன. அவற்றில் பெண்தான் நடுநாயகம். ஆனால் தலையை எவ்வளவு குனிய வேண்டும், கன்னத்தில் விரலை எங்கே வைக்க வேண்டும் என்பதைப் படம் எடுப்பவர் சொல்லுவார். இந்த மூன்று வகைப் படங்களிலும் முகம் நம்முடையது, முடிவுகள் நம்முடையவை அல்ல.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால், ஒரு பெண் கேமராவை முக்காலியில் நிறுத்தித் தன்னைத் தானே படம் எடுக்கும்போது செய்வதெல்லாம், நெடுங்காலம் பிறரிடம் இருந்த முடிவுகளைத் தன் கைக்குக் கொண்டுவருவதுதான். தற்பெருமை என்ற சொல் இதற்குப் பொருந்தவே பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்கரான சிண்டி ஷெர்மன் 1977 முதல் 1980 வரை எடுத்த 'பெயரிடப்படாத திரைப்படக் காட்சிகள்' வரிசையில் 69 கறுப்பு வெள்ளைப் படங்கள் உள்ளன. எல்லாவற்றிலும் இருப்பவர் அவரே. ஆயினும் அவற்றைப் பார்த்து முடித்த பின் சிண்டி ஷெர்மன் எப்படிப்பட்டவர் என்று நம்மால் சொல்ல முடியாது. வேலை தேடி நகரத்துக்கு வந்த பெண், அழுது முடித்த பெண், கதவருகே யாருக்காகவோ காத்திருக்கும் பெண் என்று, திரைப்படங்கள் பெண்ணுக்குத் தைத்து வைத்த உடைகளை ஒவ்வொன்றாக அணிந்து காட்டுகிறார். தன் முகத்தைக் காட்டுவதற்காக அவர் அதைச் செய்திருந்தால் ஒரு படம் போதுமானதாக இருந்திருக்கும்.

இன்னோர் அமெரிக்கரான கேரி மே வீம்ஸ் 1990இல் முடித்த 'சமையலறை மேசை' வரிசையையும் தேடிப் பாருங்கள். ஒரே மேசை, மேலிருந்து தொங்கும் ஒரே விளக்கு, 20 படங்கள், இடையிடையே எழுத்துப் பலகைகள். காதலன், தோழிகள், மகள் என்று வந்து போகிறவர்கள் மாற, மேசையின் தலைப்பக்கத்தில் அவரே அமர்ந்திருக்கிறார். ஒரு கறுப்பினப் பெண்ணின் இல்வாழ்க்கை முழுவதையும் சொல்ல அவருக்கு வேறு இடம் தேவைப்படவில்லை. எனக்குத் தெரிந்தவரை, அடுக்குமாடி வீட்டில் இடமில்லை, கேமரா விலை உயர்ந்தது, வெளியே போக அனுமதி இல்லை என்று தயங்கும் நம் பெண்களுக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் கிடையாது. நேன் கோல்டின் என்ற அமெரிக்கப் பெண் புகைப்படக் கலைஞர், காதலனால் தாக்கப்பட்டு ஒரு மாதம் ஆன பிறகு, வீங்கிய கண்ணோடு நேராகக் கேமராவைப் பார்த்து 1984இல் எடுத்த தன் படத்தையும் இங்கே சொல்ல வேண்டும். உதட்டுச்சாயமும் காதணியும் அணிந்துகொண்டுதான் அவர் அந்தப் படத்தில் இருக்கிறார். தனக்கு நேர்ந்ததை மறைக்கவும் இல்லை, தன்னைப் பரிதாபத்துக்குரியவளாக ஆக்கிக்கொள்ளவும் இல்லை.

ஆனால் திருமணப் படத்துறையில் இருக்கும் நீங்கள் முதலில் அறிய வேண்டியவர் ஜோ ஸ்பென்ஸ் என்பேன். 1934இல் லண்டனில் பிறந்த இவரும் உங்களைப் போலவே தொடங்கியவர். திருமணங்களையும் குடும்பப் படங்களையும் எடுத்துத் தரும் படநிலையம் நடத்தியவர். மகிழ்ச்சியான முகங்களைக் காசுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் அவருக்கு ஒரு கேள்வி பிறந்தது. குடும்ப ஆல்பத்தில் பிறந்தநாளும் திருமணமும் சுற்றுலாவும் இருக்கின்றன. சண்டையும் நோயும் வேலையும் கடனும் ஏன் இல்லை? 1979இல் 'குடும்ப ஆல்பத்துக்கு அப்பால்' என்ற தலைப்பில் தன் சொந்தப் படங்களையே எடுத்து, ஒவ்வொன்றிலும் எது விடுபட்டிருக்கிறது என்று எழுத்தோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்தார். 1982இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறுவைச் சிகிச்சைக்கு முன், தன் மார்பின்மேலேயே இது ஜோ ஸ்பென்சின் சொத்தா என்று கேள்விக்குறியோடு எழுதி அவர் எடுத்துக்கொண்ட படம் இன்றும் பார்ப்பவரை நிறுத்தி வைக்கிறது. மருத்துவமனையில் ஒருவருடைய உடம்பைப் பற்றிய முடிவுகள் எப்படி அவரைக் கேட்காமலே எடுக்கப்படுகின்றன என்பதை அந்த ஒரு கேள்விக்குறி சொல்லிவிடுகிறது. 1992இல் இறக்கும்வரை அவர் தன் நோயையும் முதுமையையும் தாயோடு தனக்கிருந்த பிணக்கையும் படமாக்கிக்கொண்டே இருந்தார். அழகான படங்கள் என்று அவற்றைச் சொல்ல முடியாது. அவற்றின் பல படங்களில் வெளிச்சம் தட்டையாகவே இருக்கும். திருமணப் படத்துக்குரிய மினுமினுப்பை நன்றாக அறிந்த ஒருவர் அதை வேண்டாம் என்று விலக்கினார் என்பதையும் நாம் அவருடைய முடிவுகளில் ஒன்றாகவே கணக்கில் கொள்ள வேண்டும்.

நம் பக்கத்துக்கு வருவோம். பெங்களூரில் 1956இல் பிறந்த புஷ்பமாலா, கிளேர் ஆர்னி என்ற புகைப்படக் கலைஞருடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை உருவாக்கிய 'தென்னிந்தியப் பெண்கள்' வரிசையைத் தமிழர்கள் அனைவரும் பார்க்க வேண்டும். ரவிவர்மாவின் லட்சுமியாக, வேளாங்கண்ணி மாதாவாக, எழுபதுகளின் தமிழ்த் திரைப்படத்தில் சாட்டையோடு நிற்கும் ஜெயலலிதாவாக அவர் தன்னையே ஒப்பனை செய்து நிறுத்திக்கொண்டார். நம் வீட்டு நாட்காட்டியிலும் பூசை அறையிலும் திரையரங்கிலும் நாம் பார்த்து வளர்ந்த பெண் உருவங்கள் அத்தனையும் யாரோ திட்டமிட்டு அமைத்தவை என்பது, அவர் அவற்றை மறுபடியும் அமைத்துக் காட்டும்போதுதான் நமக்கு உறைக்கிறது.

அதே வரிசையில் நீலகிரித் தோடர் பெண்ணாக அவர் நிற்கும் படத்துக்குப் பின்னால் கட்டம் போட்ட திரை ஒன்று தெரியும். அந்தக் கட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மரச்சட்டத்தில் இரண்டு அங்குலச் சதுரங்களாகப் பட்டு நூலைக் கட்டி, அதன்முன் மனிதர்களை ஆடையின்றி நிற்கவைத்துப் படமெடுத்தால் பல்வேறு இனத்தாரின் உடல் அளவுகளை ஒப்பிடலாம் என்று 1869இல் லண்டனில் ஜான் லாம்ப்ரே என்பவர் முறை வகுத்தார். அவர் எடுத்த படங்களில் மலாய் ஆடவர் ஒருவரின் படமும் உண்டு. கோத்தா கினபாலுவில் 1971இல் பிறந்த நம் நாட்டுக் கலைஞர் யீ ஐ-லான், 2009இல் அதே படத்தை எடுத்துப் பட்டுத்துணியில் பாத்தேக் வேலைப்பாட்டோடு மறுபடி உருவாக்கினார். பெங்களூரிலும் கோலாலம்பூரிலுமாக இரண்டு பெண்கள், ஏறத்தாழ ஒரே பத்தாண்டில், ஒரே அளவுகோலைத் தேடிப்போய் எதிர்கொண்டது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. நம் முன்னோரை அளந்த அந்தக் கட்டத்தை ஒருவர் தன் உடம்பைக் கொண்டும், மற்றவர் இந்த மண்ணின் துணியைக் கொண்டும் தம் வசமாக்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். பெண் எடுப்பதால் மட்டும் படம் நியாயமானதாகிவிடாது. ஜூலியா மார்கரெட் கேமரன் கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர். 48ஆம் வயதில், 1863இல், மகள் பரிசளித்த கேமராவைக் கொண்டு பயின்று, 19ஆம் நூற்றாண்டின் மிகச் சிறந்த உருவப்படங்கள் சிலவற்றை எடுத்தார். இங்கிலாந்தில் அவருடைய வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரை அவர் கன்னி மரியாளாக நிறுத்தி எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. அந்தப் பணிப்பெண்ணின் பெயரும் நமக்குத் தெரியும். 1875இல் கணவரின் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879இல் இறக்கும்வரை அங்கே அவர் எடுத்த படங்களிலும் அதே கூர்மையான கண் இருக்கிறது. ஆனால் அவற்றில் இருக்கும் உழைப்பாளிகள் பெரும்பாலும் பெயரில்லாதவர்கள். படம் எடுத்தவர் பெண்தான், திறமையும் அன்பும் உள்ள பெண்தான். ஆனாலும் தோட்ட முதலாளியின் மனைவிக்கும் தோட்டத்துப் பெண்ணுக்கும் இடையிலிருந்த தூரத்தை அந்தக் கேமரா கடக்கவில்லை. இன்று விலையுயர்ந்த கேமராவோடு பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ தைப்பூசத்தன்று போய், அருள் வந்து ஆடும் ஒரு பெண்ணின் முகத்தை நெருங்கிப் படமெடுத்து, அவளுக்குத் தெரியாமலே போட்டிக்கு அனுப்பும் பெண்ணுக்கும் இது பொருந்தும்.

தூரத்தைக் கடக்க முயன்றவர்களும் இருக்கிறார்கள். 2003இல் ராஜஸ்தானின் லூண்கரன்சரில் நடந்த பெண் குழந்தைகள் திருவிழாவில் கௌரி கில் என்ற இந்தியப் புகைப்படக் கலைஞர் ஒரு படக் கூடாரம் அமைத்தார். எப்படி நிற்பது, யாரோடு நிற்பது, கையில் எதை வைத்துக்கொள்வது என்பதை வந்த சிறுமிகளே தீர்மானித்தார்கள். கௌரி கில்லின் படங்கள் என்றே அவை அறியப்படுகின்றன. ஆனால் அவற்றில் அந்தச் சிறுமிகள் எடுத்த முடிவுகள் துலக்கமாகத் தெரிகின்றன. இன்னோர் இந்தியப் புகைப்படக் கலைஞரான தயனிதா சிங் தன் நெடுநாள் தோழியான மோனா அகமதைப் பற்றி 2001இல் வெளியிட்ட நூலில், வாழ்க்கையைச் சொல்லும் எழுத்து மோனாவினுடையது. யீ ஐ-லானும் பிற்காலத்தில் செம்போர்ணாவின் ஓமடால் தீவுப் பெண்களோடு பாய் முடையும் வேலையில் இறங்கியபோது, முடைந்தவர்களின் பெயர்களையும் படைப்போடு சேர்த்தே குறிப்பிட்டார். முடிவுகளைத் தன் கைக்குக் கொண்டுவந்த ஒருவர், அவற்றில் சிலவற்றை எதிரில் இருப்பவருக்குக் கொடுப்பதும் தன்வெளிப்பாடுதான். முதிர்ந்த தன்வெளிப்பாடு என்றும் சொல்லுவேன்.

அதே நேரத்தில், பெண் என்பதால் ஏற்படும் தடைகளை மறுக்கவும் கூடாது. இந்தியாவின் முதல் பெண் செய்திப் புகைப்படக் கலைஞர் என்று போற்றப்படும் ஹோமாய் வியாரவாலாவின் தொடக்ககாலப் படங்கள் அவருடைய கணவர் பெயரிலேயே அச்சாயின. பத்ம விபூஷண் விருது 2011இல்தான் அவரைத் தேடி வந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

மலேசியாவில் யாரைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். யீ ஐ-லானின் படைப்புகளில் 2002இல் மலாக்காவின் பக்கார்ட் படநிலையத்துப் பழைய உருவப்படங்களைக் கொண்டு அவர் செய்த வேலையிலிருந்து தொடங்குங்கள். சாதாரணப் படநிலையப் படங்களை வரிசையாக வைத்தாலே ஒரு நாடு தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பது தெரிந்துவிடுகிறது. பேராக்கின் பந்தாய் ரெமிஸில் பிறந்து, பிரான்சின் ஆர்ல் நகரில் புகைப்படம் பயின்ற மின்ஸ்ட்ரல் குயிக், வீட்டையும் குடும்பத்தையும் அன்றாடத்தையும் இந்நாட்டின் அரசியலோடு சேர்த்துப் பார்க்கிறவர். 1941இல் பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கத்தை ஓவியர் என்றே பலரும் அறிவார்கள். ஆனால் தேசியக் கலைக்கூடம் 1973இல் நடத்திய போட்டியில் பரிசு பெற்ற அவருடைய படைப்பு, குப்பைப் பொருள்களையும் சுற்றுச்சூழல் சீர்கேட்டைக் காட்டும் புகைப்படங்களையும் சேர்த்து வைத்ததாகும். நம் தலைநகரில் ஒரு பெண் அந்தக் காலத்திலேயே புகைப்படத்தைத் தன் கூற்றாக நிறுத்தினார் என்பதை நம் பிள்ளைகள் அறியவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம். ஜார்ஜ்டவுனில் 2013இல் விக்னேஷ் பாலசிங்கம் தொடங்கிய ஒப்ஸ்கூரா புகைப்பட விழா, இப்படிப்பட்ட படங்களைப் பினாங்குக் கட்டடங்களுக்குள் கொண்டுவந்து நம்மைப் பார்க்கவைத்தது. தேசியக் கலைக்கூடத்துக்கும் இல்ஹாம் காட்சியகத்துக்கும் அடிக்கடி போய்வாருங்கள். அச்சிட்ட படத்தின் அளவும் தாளும் கைப்பேசித் திரையில் தெரிவதில்லை.

இதுவரை பேசிய மூன்று கேள்விகளையும்விட நமக்கு மிக நெருக்கமான ஒன்று இருக்கிறது. அது நம் தோலின் நிறம். வண்ணப் படச்சுருள் காலத்தில், படம் கழுவும் கூடங்களில் நிறங்களைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரிப் படத்தில் பல பத்தாண்டுகள் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவளுடைய கன்னம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொள்ளப்பட்டது. இன்றைய கேமராவின் ஒளிமானியும் தன்முன் இருப்பதை எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கிறது. ஆகவே கறுத்த முகம் சட்டகத்தை நிறைத்தால் அதை வெளுக்க வைக்கும். அதே முகம் வெள்ளைச் சுவருக்கோ வெயில் வானத்துக்கோ முன்னால் இருந்தால் கண்ணும் மூக்கும் தெரியாமல் இருட்டாக்கும். முதல் நிலையில் வெளிச்ச அளவைக் குறைக்க வேண்டும், இரண்டாவதில் கூட்ட வேண்டும். சட்டகத்தில் ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் புள்ளி அளவீட்டை முகத்தில் வைத்துப் பாருங்கள். நேரடி பிளாஷை விட்டுவிட்டு, பக்கவாட்டுச் சன்னலருகே ஆளை நிறுத்துங்கள். கறுத்த தோலில் ஒளி பட்டுத் திரும்பும் இடங்கள்தாம் முகத்தின் வடிவத்தைச் சொல்கின்றன. அவற்றைப் பவுடராலும் மென்பொருளாலும் அழித்துவிட்டால் முகமே போய்விடும். மணப்பெண்ணை இரண்டு நிறம் கூட்டிக் கொடுப்பதை நம் படநிலையங்கள் ஒரு சேவையாகவே செய்து வருகின்றன, கைப்பேசியின் அழகூட்டும் வசதி யாரையும் கேட்காமலே செய்கிறது. அந்த வசதியை நிறுத்துவதை என் மாணவிகளுக்கு நான் முதல் பயிற்சியாகத் தருகிறேன். மணப்பெண் தன் நிறத்திலேயே அழகாக இருக்கும் ஒரு படத்தை எடுத்து அவளுடைய அம்மாவிடம் காட்டும் துணிவு, காட்சியகத்தில் தொங்கும் எந்தத் தன்னுருவப் படத்துக்கும் குறைந்ததல்ல.

எங்கிருந்து தொடங்குவது என்றால், வீட்டில் இருக்கும் பழைய படங்களிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றையும் அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ காட்டி, இதை எடுத்தது யார், இந்தச் சேலையை யார் எடுத்துக் கொடுத்தார்கள், இதில் ஏன் அத்தை இல்லை என்று கேட்டு, பதிலைப் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வையுங்கள். தயனிதா சிங்கின் தாயார் நோனி சிங் தம் குடும்பத்தாரைப் பல ஆண்டுகள் படமெடுத்துப் பாதுகாத்ததை 2013இல் நூலாகப் பார்த்தபோதுதான், மகளுக்கு முன்பே அந்த வீட்டில் ஒரு புகைப்படக் கலைஞர் இருந்தார் என்பது உலகுக்குத் தெரிந்தது. அதன் பிறகு உங்களுக்கு விருப்பமான ஒரே இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே உங்களையோ உங்கள் வீட்டுப் பெண்களையோ ஓராண்டு தொடர்ந்து எடுங்கள். இணையத்தில் போடுவதை அவசரப்படுத்த வேண்டாம். படத்தில் இருப்பவரிடம் அச்சிட்ட பிரதியைக் கொடுத்து, வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்பதையும் சொல்லிவிடுங்கள். வீட்டாரின் எதிர்ப்பும் பெரும்பாலும் அந்நியர் கண்ணில் படுவதைப் பற்றியது என்பதால், எங்கே காட்டுவது என்ற முடிவில் அவர்களுக்கும் இடம் கொடுத்தால் எடுப்பதற்கான தடை குறையும்.

கடைசியாக, தொழில் சார்ந்த ஒன்று. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேலைக்கு இருக்கும்போது எடுத்த படத்தின் உரிமை முதலாளிக்கும், பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை எடுக்கச் சொன்னவருக்கும் போய்விடும். வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால்தான் மாறும். உதவியாளராகப் போகும் இடத்தில் நீங்கள் எடுக்கும் அழகான படங்களை நாளை உங்கள் பெயரில் காட்சிக்கு வைக்க விரும்பினால், எந்தப் படங்களை உங்கள் தொகுப்பில் பயன்படுத்தலாம், உங்கள் பெயர் எங்கே வரும் என்பதை வேலைக்குப் போவதற்கு முன்பே இரண்டு வரியில் எழுதி வாங்கிவிடுங்கள். மணமக்களின் ஒப்புதலையும் தனியாகக் கேளுங்கள். உங்கள் சொந்தப் படங்களை முடிந்தால் உங்கள் சொந்தக் கேமராவில், உங்கள் சொந்த நேரத்தில் எடுத்து, மூலக் கோப்புகளை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.